கையுறைக்குள் காப்புக் கயிறு

12 ஜன., திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பாயான் பாருவில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். நாள் முழுக்க ஈரச் சப்பாத்து.

எட்டரைக்கு என் எச்.ஆர். கவுண்டரில் சரவணன். பேக்டரியில் லைன் 3, ஒன்பது வருட ஒப்பந்த ஆள். மகளுக்கு இதய ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக இந்தத் தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார். நேற்றுக் கோவிலில் காப்புக் கட்டியாயிற்று. இருபத்தொரு நாள் விரதம். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தூசு படக்கூடாத கிளீன் ரூமில் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. யாரிடம் அனுமதி கேட்பது என்றார்.

கேட்டால் இல்லை என்பார்கள். பதினாறு வருடமாகப் பார்க்கிறேனே. கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றேன். சரிக்கா என்று போய்விட்டார். எல்லாவற்றையும் இப்படித்தான் ஓட்டுகிறோம்.

வாங்க வேண்டியது: கரும்பு 2, வெல்லம், மஞ்சள் கொத்து, இவருக்குப் பிரஷர் மாத்திரை.

14 ஜன., புதன்

கரும்பு வாங்கப் போகவில்லை. முடியவில்லை.

பதினொரு மணிக்கு லைனில் சோதனை. சூப்பர்வைசர் டான் கயிற்றைப் பார்த்துவிட்டார். கழற்றச் சொன்னாராம். விரதம் முடியாமல் கழற்றக்கூடாது என்றிருக்கிறார் சரவணன். டான் கத்தரிக்கோலை எடுத்துத் தானே வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார். எல்லார் முன்னாலும். இது பேக்டரி, கோயில் இல்லை என்று மலாயில் ஒரு வார்த்தை வேறு.

சரவணன் என் எதிரே உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னைத் திட்டியிருந்தா பரவால்லக்கா. அது புள்ளைக்காகக் கட்டுனது."

புகார் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

15 ஜன., வியாழன்

பொங்கல். லீவு. கரும்பு இல்லாமல் பொங்கியது. இவர் முணுமுணுத்தார்.

சரவணனுக்குப் போன் செய்தேன். குருக்கள் மறுபடி கட்டிவிட்டாராம், விரத நாளைப் பழைய கணக்கிலேயே தொடரலாம் என்றாராம். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. இனி வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

19 ஜன., திங்கள்

விசாரணை. எச்.ஆர். மேனேஜர் ரொஹானா நல்லவர்தான், குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. விசாரணை முடியும்வரை சரவணனை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார். அங்கே கயிறு யாருக்கும் பிரச்சினை இல்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

முடிவு: டானுக்கு வாய்மொழி அறிவுரை. சரவணனுக்கு எச்சரிக்கைக் கடிதம். கயிறு கட்டியதற்கு இல்லையாம், மறைத்ததற்கு. ஏன் முன்னாலேயே கேட்கவில்லை என்றார் ரொஹானா. சரவணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். விசாரணைக் குறிப்பு எழுதுவது நான். அப்படியே எழுதினேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மார்ச்சில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. கடிதம் வாங்கியவர்களுக்கு இங்கே புதுப்பிப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சம்பளப் பிரிவு நூர்ஜஹானிடம் மட்டும், மறைக்கச் சொன்னது நான் என்று சொன்னேன். கிளீன் ரூமில் முக்காடு பற்றிச் சிக்கல் வந்தபோது முஸ்லிம் பெண்கள் சேர்ந்து எழுதிக் கேட்டார்களாம். இப்போது கிளீன் ரூமுக்கு ஏற்ற முக்காட்டைக் கம்பெனியே தைத்துத் தருகிறது.

"கேக்காமலே இல்லன்னு நீங்களே எப்படிக்கா முடிவு பண்றீங்க?"

உங்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் சொன்னதிலும் பாதி சரி.

20 ஜன., செவ்.

தூக்கமில்லை. பல்வலி. இவருடைய பிரஷர் மாத்திரையை வாங்க மறந்தேன், இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

21 ஜன., புதன்

வெயில். ஏர்கோன் பழுது.

ஒன்பது மணிக்கு ரொஹானாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மறைக்கச் சொன்னது நான்தான் என்று. கதவைச் சாத்தச் சொன்னார். நேர்மைக்கு நன்றி என்றார். அப்படியானால் சரவணனின் கடிதத்தை ரத்து செய்யலாமே என்றேன். முடிவு மேலிடத்துக்குப் போய்விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். டான் கயிற்றை வெட்டியது? என்றேன். அது முடிந்த விஷயம் என்றார். ஆனால் கடிதம் என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டார், மெதுவாகத்தான்.

நாலு மணிக்கு டான் வந்தார். தைப்பூசத்துக்கு எத்தனை பேர் லீவு, ஆள் மாற்ற வேண்டும் என்று பட்டியல் வாங்கிப் போனார். சிரித்துக்கொண்டே போனார்.

மறைத்ததற்குச் சரவணனுக்கு ஒரு கடிதம். மறைக்கச் சொன்னதற்கு எனக்கு ஒன்று. எச்.ஆரில் டைப் செய்வது நான்தான். இரண்டையும் டைப் செய்தேன்.