கேப்டன் நடந்த நடை

பிப்ரவரி 9

கம்ப்யூட்டர் பூவா தலையா போட்டுவிட்டது. மச்சானுக்கு நடைக் குழு. எனக்குத் துண்டுப் பிரசுரக் குழு.

போன வருடம் எங்கள் இருவருக்கும் மாரடைப்பு வந்தது. முதலில் எனக்கு, சில மாதம் கழித்து மச்சானுக்கு. என் மனைவியின் அண்ணன், எதிலும் என்னிடம் தோற்கக் கூடாது என்று நினைக்கிற ஆள். இதிலும் விடவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு நர்ஸ் வாராவாரம் போன் செய்து, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். மீதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை, வழக்கமான டாக்டர், ஒரு துண்டுப் பிரசுரம். ஒரு வருடம் கழித்து யார் இதயம் தேவலை என்று பார்ப்பார்கள்.

"என்ன மாப்பிள்ளே, பெஞ்சுல உட்கார வெச்சுட்டாங்களா?" என்றார் மச்சான். முகமெல்லாம் பல்.

எரிச்சல்தான். வார நாளில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமையில் கால்பந்து ரெஃப்ரி என்று மைதானத்தின் நடுவிலேயே வாழ்ந்தவன் நான். பெஞ்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் காசைச் சுண்டிய பிறகு பக்கம் மாற்றிக் கேட்ட எத்தனை பேரை முறைத்திருக்கிறேன்? வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 10

துண்டுப் பிரசுரத்தைப் படித்தேன். 'தினமும் நடங்கள்' என்று ஒரு படம். படத்தில் நடக்கிறவருக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 17

இன்று முதல் சோதனை. ஆஸ்பத்திரியின் நீளமான நடைக்கூடத்தில் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஆறு நிமிடம் இங்கேயும் அங்கேயும் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று ஆராய்ச்சி நர்ஸ் அளப்பார்.

எனக்கு முன்னால் ஓர் இளம்பெண். பிரசவமாகி இரண்டாம் வாரத்தில் மாரடைப்பாம். அந்த வயதிலும் வருமா? வருமாம். எனக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். நர்ஸ் ஒவ்வொரு நிமிடமும் ஒரு வாக்கியம் சொல்கிறார்: "நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அந்தப் பெண்ணுக்கும் அதே வாக்கியம், எனக்கும் அதே, தொப்பிக்காரருக்கும் அதே. குரல்கூட ஏறி இறங்கவில்லை. ஒருவருக்கு உற்சாகம் அதிகமாகக் கொடுத்தால் அவர் அதிகம் நடந்துவிடுவார், அளவு கெட்டுவிடும் என்றார். ஆகா! இப்படி ஓர் ஆளை எந்த மைதானத்திலும் நான் பார்த்ததில்லை.

"எங்க குழுவால என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க இல்லேன்னா, அவங்க நடந்ததாலதான் நல்லாச்சுன்னு நான் எப்படி சார் சொல்ல முடியும்? நாள் போனா தானா தேறியிருப்பாங்கன்னு சொல்லிடுவாங்க. அவங்களை அளக்கிற கோடே நீங்கதான் சார்."

கோடு இல்லாமல் கோல் ஏது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 12

மாதத்தில் ஒரு வாரம் எல்லோரும் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிக்கொள்ள வேண்டும். நாம் வைக்கிற ஒவ்வோர் அடியையும் அது எண்ணும். மச்சானின் எண்ணிக்கையைப் பார்த்து நர்ஸ் அசந்துபோய்விட்டாராம். மச்சானே மூன்றாம் மாடியில் இருக்கிற தன் வீட்டிலிருந்து இறங்கி வந்து சொன்னார். இறங்கியதற்கே லிஃப்ட்.

"கோல்கீப்பருக்கு முன்னாடி நின்னு பந்தைத் தடுத்தவன்டா நான். காலெல்லாம் இரும்பு," என்று சோபாவில் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை.

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். மனைவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அந்தச் சிவப்பு அட்டைக்கு இப்பதான் அண்ணன் பழி தீர்க்கிறார்," என்றாள்.

முப்பது வருடப் பழைய கதை. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கோலுக்குள் போகிற பந்தை மச்சான் கையால் தடுத்தார். நான் சிவப்பு அட்டையைக் காட்டி அவரை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினேன். நெஞ்சில்தான் பட்டது என்று அன்று சத்தம் போட்டவர், இன்றுவரை அதையேதான் சொல்கிறார். கல்யாணம் நிற்க இருந்தது. இவள்தான் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்: "மச்சானாகப் போறவருக்கே சிவப்பு காட்டுற மனுஷன், என்கிட்ட பொய் சொல்ல மாட்டார். கட்டினா அவரைத்தான்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கோப்பை அந்த வார்த்தைதான்.

ஏப்ரல் 3

காலையில் பால் வாங்கப் போனேன். மச்சானின் மருமகள் நாயை நடத்திக்கொண்டு வந்தாள். நாயின் பெயர் கேப்டன். தெருவில் உள்ள ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஓடி ஓடி மரியாதை செய்கிற நாய். அதன் கழுத்துப்பட்டையில் ஏதோ பச்சையாக மின்னியது. குனிந்து பார்த்தேன்.

அதே பெட்டி. என் இடுப்பில் ஒன்று, நாயின் கழுத்தில் ஒன்று.

"நாய் தொலைஞ்சா கண்டுபிடிக்கிற கருவியாம். மாமாதான் மாட்டச் சொன்னார்," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது.  பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4

சொல்லலாமா வேண்டாமா? சொன்னா மச்சான் மானம் போகும். சொல்லாட்டி? அந்த நர்ஸ் பொண்ணு குரலைக்கூட ஏத்தாம இறக்காம பாத்துக்கிட்டு அளக்குது. இந்த மனுஷன் நாய் கழுத்துல மாட்டி விட்டிருக்கார்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை.

மனைவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"விட்டுடுங்க. வயசான காலத்துல எங்கண்ணனை ஆஸ்பத்திரியில தலை குனிய வைக்காதீங்க."

"அன்னைக்கு உங்கப்பாகிட்ட என்ன சொன்னே?"

எழுந்து போய்விட்டாள். சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

ஏப்ரல் 6

மூன்றாம் மாடிக்குப் போனேன். பழைய ரெஃப்ரி சட்டைப் பையில் கிடந்த, எச்சரிக்கைக்குக் காட்டுகிற மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"கேப்டன் நல்லா நடக்குது மச்சான்," என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்து, திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் சொன்னது வேறு.

"தெருமுனை வரைக்கும் போனாலே இங்க படபடன்னு அடிச்சுக்குது மாப்பிள்ளே. மூச்சு வாங்குது. அன்னைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? நின்னுடுமோன்னு பயமா இருக்கு. நீ கொஞ்சமும் பயமில்லாம ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுவாரமே நடக்க ஆரம்பிச்சுட்டே. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன், பயமா இருக்குன்னு?"

எதிரணிக்காரன் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கண்ணை மூடாத ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அடுத்த வாரம் மேட்டுத் தெருவில ஏறச் சொல்லியிருக்காங்களாமே. கேப்டன் ஏறிடும். நீங்க? அது மட்டும் இல்ல. அந்தத் தொப்பிக்காரப் பெரியவர் மாதிரி ஆளுக்கு எவ்வளவு நடக்கலாம்னு நாளைக்கு இதைப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. நாய் நடந்த நடையை நம்பி மனுஷனுக்கு மருந்து எழுதுவாங்க மச்சான்."

ஒரு வாரம் கொடுத்தேன். அவரே போய்ச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சொல்வேன். மஞ்சள் அட்டையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

மனைவி பேசினாள். "அண்ணன் போன்ல அழுதார். நீங்க செஞ்சது சரிதான். ஆனா இன்னைக்கு உங்களுக்குக் காபி கிடையாது."

ஏப்ரல் 13

காலையில் மணி அடித்தது. வாசலில் மச்சான், இஸ்திரி போட்ட சட்டையோடு. "வா, நீயும் கூட வா," என்றார்.

நர்ஸிடம் அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நாயின் பெயர் உட்பட. நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே இதயத்தை ஸ்கேன் செய்யச் சொன்னார். போன முறையைவிட இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வலு குறைந்திருந்தது. மூச்சு வாங்கியது வெறும் பயத்தால் மட்டும் அல்ல.

"இந்த நடையைப் பார்த்துட்டு, இதயம் நல்லாத் தேறிடுச்சுன்னு நினைச்சேன். நாளைக்கு ஒரு மாத்திரையைக் குறைக்க இருந்தேன்," என்றார் டாக்டர். குறைக்கவில்லை. புதிதாக ஒன்று சேர்த்தார். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் என் முழங்கையைப் பிடித்த கையை விடவும் இல்லை.

வெளியே வரும்போது நர்ஸிடம் கேட்டேன், அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவீர்களா என்று.

"இல்ல சார். நடைக் குழுவுக்கு வந்தவர் கடைசி வரைக்கும் நடைக் குழுதான். நடந்தாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி. வெளியில எத்தனை பேருக்கு 'நடங்க'ன்னு சொன்னா நிஜமா நடக்கிறாங்க? அந்த உண்மையும் கணக்குல வரணும். கேப்டன் நடந்த எண்ணிக்கையை மட்டும் அடிச்சிடுவோம்."

என்ன நியாயம்! களத்தில் இறங்கிய அணி இறங்கிய அணிதான். இந்த ஆராய்ச்சியை எழுதியவர் எவரோ, அவர் கையில் விசிலைக் கொடுக்கலாம்.

"நான் அவர்கூட நடந்தா உங்க கணக்கு கெடுமா?"

"நடக்காதீங்கன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையே சார். எவ்வளவு நடந்தீங்கன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. போதும்."

மே 2

புது மாத்திரை வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, டாக்டர் முன்னாலேயே மச்சானை நடக்க வைத்துப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் பயமில்லை என்று ஓர் எல்லை சொல்லியிருக்கிறார்கள். இன்று அந்த எல்லைக்குப் போனோம். தபால் பெட்டி வரை. கேப்டன் முன்னால், நாங்கள் பின்னால். பாதி வழியில் மச்சான் நெஞ்சில் கையை வைத்து நின்றுவிட்டார்.

மூச்சு சீராகும் வரை நானும் கூட நின்றேன். நர்ஸின் குரலிலேயே, ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன்: "நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"அடப் போய்யா," என்றார். ஆனால் நடந்தார்.

ஜூலை 21

மேட்டுத் தெரு. பாதி வரை. கேப்டன் எங்களுக்காக உட்கார்ந்து காத்திருந்தது.

அக்டோபர் 8

மேட்டுத் தெருவின் உச்சி. மச்சான் அங்கே நின்று ஊரையே வாங்கிவிட்டவர் போலப் பார்த்தார். லிஃப்ட் பழுதாம், மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போனாராம். லிஃப்டில் ஒரு பழுதும் இல்லை, மருமகள் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 16

ஒரு வருடம் ஆயிற்று. கடைசிச் சோதனை. முதலில் நான் நடந்தேன், பிறகு மச்சான். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள், கைதட்டினால் அளவு கெட்டுவிடும் என்று. மூடிய கதவுக்கு அப்பால் நர்ஸின் அதே ஏறாத இறங்காத குரல் ஒவ்வொரு நிமிடமும் கேட்டது. ரெஃப்ரியாக இருந்த காலத்தில் எந்த அணிக்காகவும் மனதுக்குள்கூடக் கூச்சல் போட்டதில்லை. இன்று போட்டேன்.

என்னைவிட ஒரு கூம்பு தூரம் அதிகம் நடந்திருக்கிறார்! நாளை முதல் இவர் அலட்டலைத் தாங்க முடியாது. தாங்கிக்கொள்வேன்.

செப்டம்பர் 5

ஆராய்ச்சி முடிவைச் சொல்ல எங்கள் எல்லோரையும் ஆஸ்பத்திரி அரங்குக்கு அழைத்திருந்தார்கள். மனைவியும் வந்தாள். முன் வரிசையில் அந்த இளம் அம்மா, மடியில் குழந்தை இருக்க மறுக்கிறது. தொப்பிக்காரப் பெரியவர் வரவில்லை. அவர் மகள் வந்திருந்தார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பெரியவரும் எங்கள் குழுதான். அவரும் கோடு. அந்தத் தொப்பியைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

பெரிய டாக்டர் சொன்னார்: நடைக் குழு எங்களைவிட அதிக தூரம் நடந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர்கள் அந்தக் குழுவில் குறைவு. சின்ன வயதுக்காரர்களிடமும் அப்படித்தான், முதியவர்களிடமும் அப்படித்தான். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் உறுதியானது. உட்கார்ந்தவர்களையும் சேர்த்து எண்ணிய பிறகு கிடைத்த வித்தியாசம். சின்ன கோல்தான், ஆனால் சுத்தமான கோல். அடுத்த மாதத்திலிருந்து துண்டுப் பிரசுரக் குழுவுக்கும் நர்ஸ் போன் செய்வாராம்.

வெளியே வந்து மூவரும் நடந்தே திரும்பினோம். மேட்டுத் தெருவில் ஏறும்போது மச்சான் நின்றார். மூச்சு வாங்குகிறதோ என்று பார்த்தேன். இல்லை.

"மாப்பிள்ளே, அன்னைக்கு அந்தப் பந்து. கையிலதான் பட்டுச்சு."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நான் சொல்லணும்ல?"

"இதைச் சொல்ல முப்பது வருஷமா அண்ணா?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நோட்டு முழுக்க என் பெருமையைத்தான் எழுதியிருக்கிறேன். இன்று எழுதுவது மச்சானுடையது. நர்ஸிடம் சொல்வதற்கு அவருக்கு ஒரு வாரக் கெடு இருந்தது. இதற்கு யாரும் கெடு வைக்கவில்லை.

அந்த மஞ்சள் அட்டையை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணி நடைக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார். லேட்டானால் அதை உருவி எனக்கே காட்டுவாராம்.