சக் தட்டும் ஒரு பழைய மெமோவும்

கரமனை,
திருவனந்தபுரம்,
9.7.2024

அன்பு மிக்க ராஜையன் அவர்களுக்கு, அழகியநம்பி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் உலகம்மையும் நலம். ஓசூரில் நீங்களும் மகள் அஜிதா குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் போன் நம்பரை அஜிதா தந்திருந்தாள். இரண்டு முறை எண்களை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். எனக்குப் பேச்சில் எதுவும் ஒழுங்காக வராது என்பது உங்களுக்குத் தெரியும். காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம்.

சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1996இல் உங்களுக்கு வந்த அந்த மெமோவைப் பற்றியது. முதல் வரியிலேயே அதைத் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது; மூன்று தாள்கள் அப்படியே வீணாயின. அதனால் முதலில், நீங்கள் அனுப்பிய சக்குக்காக நான் செய்த தட்டைப் பற்றி எழுதுகிறேன். அது முடிகிற இடத்தில் மெமோவும் வந்துவிடும். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

நீங்கள் அனுப்பிய சக் மார்ச் மாதமே வந்து சேர்ந்தது. நாகர்கோவில் கல்யாணத்தில் அஜிதாவிடம் உலகம்மை என்ன சொன்னாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். “கறங்குற மேசை ஒண்ணு வாங்கி வச்சிருக்காவ. அதுக்க முன்னால இருந்து கைப்பிடிய கறக்கிக்கிட்டே இருப்பாவ. ஒண்ணும் செய்யமாட்டாவ” என்றாளாம். உண்மைதான். ரோட்டரி டேபிளின் கைப்பிடியைச் சுற்றினால் மேசை ஒவ்வொரு டிகிரியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதன் மேல் உருண்டைப் பொருளைப் பிடிக்க மூன்று தாடையுள்ள சக் ஒன்று வேண்டும் என்று வாங்கிய நாள் முதல் தெரியும். கேட்க யாரும் இல்லை. உங்களிடம் கேட்கும் தைரியம் இல்லை.

பெட்டியைத் திறந்தபோது எண்ணெய்த் துணியில் சுற்றி, தாடைகளை வரிசைப்படி நூலால் கட்டி வைத்திருந்தீர்கள். துண்டுச் சீட்டில் இரண்டே வரி: “டேபிளில் ஏற்றிக்கொள்ளவும். இடையில் வரும் தட்டை நீங்கள்தான் செய்ய வேண்டும்.” அந்த இரண்டாவது வரியை நான் எத்தனை விதமாகப் படித்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள்.

முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேனே தவிர, ஓய்வு பெறும்வரை இரும்பில் கை வைத்ததில்லை. வீட்டில் உள்ளது சின்ன லேத். ஆகவே படம் வரைவதிலிருந்து தொடங்கினேன். பத்து நாள் ஆயிற்று. சக் பிடிக்க மூன்று போல்ட்டு, மேசையில் பிடிக்க நான்கு போல்ட்டு. மூன்றும் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று வந்துவிடக் கூடாதல்லவா? பதினைந்து டிகிரி திருப்பி வைத்தால் ஏழு துளைகளும் மோதாமல் அமைகின்றன. அதைக் கண்டுபிடித்த அன்று பெருமையில் இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வார்ப்பிரும்புத் துண்டுக்குச் சாலை பஜாரில் வேல்சாமியின் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். விட்டம் நூற்றைம்பது, கனம் முப்பது என்று அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தோசைக்கல்லுக்குன்னா இது கனம் கூடுதலாக்கும். சூடாகதுக்குள்ள மருமவ அம்மை வீட்டுக்குப் போயிருவா” என்றார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அந்தத் துண்டையே எடுத்துவந்தேன்.

லேத்தில் கடைசல் வேலை நான் பயந்த அளவுக்கு மோசமாகப் போகவில்லை. உங்கள் சக்கின் பின்புறத்தில் உள்ள வட்டக் குழிக்குள் தட்டின் மேடு ஆட்டமில்லாமல் இறங்க வேண்டும். ஒரு தடவை கூடுதலாகச் சீவிவிட்டால் அவ்வளவுதான். கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். சீவுவேன், அளப்பேன், மெஷினை நிறுத்தி முற்றத்தில் போய் நிற்பேன், திரும்ப வந்து அளப்பேன். மழை விடாமல் பெய்தது. புதன்கிழமை மத்தியானம் சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தபோது, உள்ளிருந்த காற்று மெதுவாக வெளியேற, சக் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. உலகம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தட்டின் விளிம்பும் சக்கின் விளிம்பும் ஒரே விட்டம். விரலால் தடவினால் எங்கே பிரிகிறது என்று தெரியாது. “கொள்ளாம், ஒரே சாமான் மாதிரி இருக்கு” என்றாள்.

மூன்று போல்ட்டுகளையும் தட்டின் அடியிலிருந்து முறுக்கிச் சக்கோடு சேர்த்தேன். தூக்கி மேசையில் வைத்தேன். மேசையோடு பிடிக்கும் போல்ட்டைக் கையில் எடுத்தேன். போட இடம் இல்லை.

அந்த நான்கு துளைகளும் சக்குக்கு அடியில் மறைந்துவிட்டன. சரி, தட்டை முதலில் மேசையில் பிடித்துவிட்டுச் சக் வைக்கலாம் என்றால், மூன்று போல்ட்டுகளின் தலையும் தட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்கின்றன. ஏழு துளைகளும் நூறில் ஒரு பங்கு பிசகாமல் சரி. ஏழையும் சேர்த்து எந்த மனிதனாலும் முறுக்க முடியாது.

உலகம்மை குனிந்து பார்த்தாள். “மேல உள்ளது போட்டா கீழ உள்ளது போவாது, கீழ உள்ளது போட்டா மேல உள்ளது போவாது. முப்பத்திரண்டு வருசமா ஆபீசுல இதத்தான் பார்த்தேளா?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் இதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். 1996 பிப்ரவரி. நான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட துளையிடும் அமைப்பு ஒன்றின் படத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, “சாரே, இதுல ஸ்பானர் எதுலகூடி போவும்?” என்று கேட்டீர்கள். நான் ஸ்கேலை எடுத்து அளவுகளை மீண்டும் ஒரு தடவை பார்த்தேன். “அளவெல்லாம் சரியா இருக்கு. படத்துல உள்ளபடி செய்யும்” என்றேன். நீங்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனீர்கள்.

செய்து முடித்தபோது ஸ்பானர் போக வழியில்லை. சூப்பிரண்டென்ட் என்னை அழைத்து, வெட்டுவதற்கு முன்னால் ஃபிட்டர் ராஜையன் ஏதாவது கேட்டாரா என்று கேட்டார். நான் சொன்ன பதில்: “அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன, சார்.” அது பொய் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. எனக்கு அது தெரியும். அடுத்த வாரம், சந்தேகம் கேட்காமல் பொருளை வீணாக்கியதாக உங்களுக்கு மெமோ வந்தது. அந்த வருடம் சார்ஜ்மேன் பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை.

நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் கேன்டீன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தீர்கள். விஷயம் தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நீங்கள் கேட்டீர்கள், ராஜையன். நீங்கள் கேட்டதை நான்தான் சூப்பிரண்டென்டிடம் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன்: நீங்கள் கேட்டீர்கள். தவறு என்னுடையது.

இனித் தட்டின் மீதிக் கதை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வீண் என்று ஒதுக்கிய அந்தப் பொருளை நீங்கள் அரை நாளில் காப்பாற்றினீர்கள். பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் கிளாம்பின் மூக்கை நுழைத்து வெளியிலிருந்து இறுக்கினீர்கள். பிரிவை மூடும்வரை அது வேலை செய்தது. அதை எந்த மெமோவிலும் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

மறுநாள் காலை தட்டை மறுபடி லேத்தில் ஏற்றி, விளிம்பைச் சுற்றி எட்டு மில்லிமீட்டர் பள்ளம் வெட்டினேன். கனமான துண்டாக வாங்கியது நல்லதாயிற்று. இப்போது நான்கு கிளாம்புகள் பள்ளத்தில் நுழைகின்றன. மேசைக்கான அந்த நான்கு துளைகள் எதற்கும் உதவாமல் அடியில் இருக்கின்றன. ஒரு நன்மையும் உண்டு. கிளாம்பைச் சற்றுத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவர முடிகிறது. கைப்பிடியை முழுச்சுற்று சுற்றினால் ஆட்டத்தை அளக்கும் டயலின் முள் இரண்டு கோட்டுக்கு மேல் அசையவில்லை. என் வழியில் போயிருந்தால் இந்த அளவு கிடைத்திருக்காது.

முதல் வேலை உலகம்மைக்கு. இடியாப்பக் குழலின் அச்சு தேய்ந்துபோயிருந்தது. உங்கள் சக்கில் பித்தளை வில்லையைப் பிடித்து, மேசையைச் சுற்றிச் சுற்றி வட்டம் வட்டமாகத் துளை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இடியாப்பம் நூல் பிசகாமல் விழுந்தது. “இப்பத்தான் அந்த மேசைக்கு ஒரு வேல கிடைச்சிருக்கு” என்று அவள் ஒத்துக்கொண்டாள். அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. இந்தக் கடிதத்தை எழுதும் துணிவும் அன்றுதான் வந்தது.

தட்டின் படத்தைப் பள்ளத்தோடு சேர்த்து மறுபடி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உதவாத துளைகளையும் மறைக்காமல் காட்டியிருக்கிறேன். ஸ்பானர் எந்த வழியாகப் போகும் என்பதற்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன். கீழே மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நம் ஆபீசில் ஃபிட்டர்கள் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. இது என் வீட்டு வொர்க்‌ஷாப்.

நிதானமாகப் பாருங்கள். பிழை இருந்தால் சிவப்பு மையால் எழுதுங்கள். சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இராது.

அஜிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நெடுநாள் இருக்க வேண்டும். ரயிலில் வர முடிகிற நாளில் ஒரு முறை வாருங்கள்; இடியாப்பம் உண்டு. வொர்க்‌ஷாப்பில் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று போட்டிருக்கிறேன். நான் நகர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சு. அழகியநம்பி

இணைப்பு: படம் ஒன்று, ஒரு தாள்.