மஞ்சள் கார் எடுக்கட்டோ விடட்டோ, சம்பந்தியார்

என்ர அன்பான சம்பந்தியார் அருளானந்தம் போஸ்ட்மாஸ்டருக்கு,

உங்கட ஆண்டுப் பூசைக்கு ஒரு நினைவு மலர் அடிக்கப் போகினம். என்ர மகன் அன்ரன், அதுதான் உங்கட மருமகன், பேப்பரும் பேனையும் கொண்டந்து மேசையில வைச்சிட்டு, "மாமாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கோ அப்பா. பகிடி விடாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போயிட்டான். மற்ற ஆக்கள் உங்களைப் பண்பாளர் எண்டும் பரோபகாரி எண்டும் எழுதுவினம். நான் இந்த வெள்ளைக்கார ஊருக்கு வந்து, பிள்ளையளின்ர லின்ஃபீல்ட் வீட்டில உங்களோட ஒரே அறையில நாலு வருஷம் படுத்து எழும்பினவன். எனக்கெல்லோ தெரியும். உங்கட குறட்டையை எழுத வெளிக்கிட்டா மலர் காணாது.

அதால உங்களைப் புகழுற வேலையை அவையிட்ட விட்டிட்டு என்ர அலுவலுக்கு வாறன். அவசரம். நான் அஞ்சாம் வகுப்போட லொறியில ஏறினவன், எழுத்துப் பிழை கிடக்கும். சிவப்புப் பேனையைத் தேடாமல் வாசியுங்கோ.

விசயம் என்னெண்டால், நான் ஒரு புதுக் கார் வாங்கட்டோ விடட்டோ?

சிரிக்கிறியளோ? மிச்சத்தையும் கேட்டிட்டுச் சிரியுங்கோ. ரெண்டே ரெண்டு சீற். கூரையை மடிச்சுப் பின்னால வைக்கலாம். இருந்தா நிலத்தில குந்தின மாதிரி இருக்கும், மிதிச்சா காது ரெண்டும் பின்னால போகும். நிறம் மஞ்சள். சாடையான மஞ்சள் இல்லை. அரைச்சு அப்பின மஞ்சள்.

நான் கார் கழுவுற, மங்கரேயில கார் விக்கிற யார்ட் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அங்க வந்து, "அறுபத்தெட்டு வயசில ஊராற்ற காரைக் கழுவுறீர், வெக்கமில்லையே" எண்டு கேட்டிட்டு, நான் குடிக்க வைச்சிருந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனனீங்கள். இந்தக் கார் அந்த யார்ட்டுக்கு வந்து ஒரு வருஷமாப் போச்சு. இஞ்ச இப்ப சனம் முழுக்க ஜப்பானில இருந்து கப்பலில வாற பழைய காரைத்தான் வாங்குது. புதுசு அசையுதில்லை. அதிலயும் இந்த மஞ்சளைக் கண்டால் ஒரு எட்டுத் தள்ளி நிண்டு பாத்திட்டு வெள்ளைக் கார் பக்கம் போயிடுங்கள். கிழமையில மூண்டு தரம் அதை நான் கழுவித் துடைச்சு, பின்பக்கத்தில இருந்து முன்வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவன். அறுபது அடி இருக்கும். முப்பது வருஷம் மன்னார் றோட்டில லொறி ஓட்டின கைக்கு அறுபது அடி எந்த மூலைக்கு?

போன செவ்வாய்க்கிழமை யார்ட் முதலாளி, எங்கட போஸ், வந்து பக்கத்தில நிண்டார். நல்ல வெள்ளைக்காரன். சவிரிமுத்து எண்ட பேர் வாய்க்குள்ள வராமல் என்னைச் சாம் எண்டு வைச்சிருக்கிறார். "சாம், அடுத்த மாதம் புது மொடல் வருது. இதை இனி வைச்சிருக்க ஏலாது. நீ இந்தக் காரைப் பாக்கிற மாதிரி நான் என்ர மனுசியையே பாத்ததில்லை. நீயே எடு" எண்டு ஒரு விலை சொன்னார். கையில இருந்த துணி கீழ விழுந்திட்டுது. கண்ணாடியில ஒட்டியிருந்த விலையில மூண்டில ஒரு பங்கு வெட்டிப்போட்டார். வாற திங்கள் வரைக்கும்தான் தவணை.

என்னட்டைக் காசு இருக்கு. எந்தக் காசெண்டு உங்களுக்குத் தெரியும். லொறி வித்ததும் இஞ்ச வந்து கார் கழுவினதும். வீட்டில அதுக்குப் பேர் "மாமான்ர செத்தவீட்டுக் காசு". பெட்டி, கல்லு, வாற சனத்துக்குச் சாப்பாடு, கனடாவில இருந்து என்ர மகள் வந்து அழுறதுக்கு பிளேன் ரிக்கற். எல்லாத்துக்கும் முதல், கிளென் ஈடன் சேமக்காலையில உங்கட குழிக்குப் பக்கத்துக் குழி.

அங்கதான் நீங்கள் என்னை மாட்டிப்போட்டுப் போனனீங்கள். ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "சவிரிமுத்து, அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு சனம் இல்லை. முழுக்க வெள்ளைக்காரர். ஆரோட நான் கதைக்கிறது? நீர் பக்கத்தில வாரும்" எண்டனீங்கள். "வாறன், ஆனா அவசரப்படுத்தப்படாது" எண்டன். நீங்கள் சிரிச்சு, சிரிப்பு இருமலாகி, நேர்ஸ் ஓடிவந்து என்னை வெளியில விட்டிட்டா. நான் பகிடியாத்தான் சொன்னனான் சம்பந்தியார். ஆனா உங்கட மகள் றெஜினா பக்கத்தில நிண்டவ. அவவுக்கு அது பகிடி இல்லை. மாமா வாக்குக் குடுத்திட்டார் எண்டு அண்டைக்கே மனசில எழுதி வைச்சிட்டா.

செவ்வாய் பின்னேரம் சாப்பாட்டு மேசையில மெல்லமா விசயத்தை எடுத்தன்.

"மாமா, உங்களுக்கு விசரே?" எண்டா றெஜினா.

"ஒரு விலைதான் சொன்னனான். இன்னும் வாங்கேல்லை."

"ரெண்டு சீற் காரில ஆரை ஏத்தப் போறியள்? அப்பாக்குப் பக்கத்து இடம் இப்பவும் சும்மா கிடக்கு. ஆரும் எடுத்தா என்ன செய்வியள்?"

"நான் செத்த பிறகு காரை வித்துப் பெட்டி வாங்கலாம் பிள்ளை. பெட்டியை வாங்கி வைச்சா, அதை வித்துக் கார் வாங்க ஏலுமே?"

அன்ரன் சோத்துக்குள்ள சிரிச்சான். பேத்தி, "அப்பப்பா, தட்ஸ் சோ கூல்" எண்டாள். றெஜினா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிட்டா. எனக்கு மீன் தலையும் கிடைக்கேல்லை. அதுக்குப் பிறகு மூண்டு நாள் என்னோட ஒரு கதை இல்லை. தேத்தண்ணி வரும், ஆள் வராது.

எனக்கு நீங்கள் சொல்லப் போறது கேக்குது. பழைய ஜப்பான் கார் ஒண்டு காணும் சவிரிமுத்து, நாலு கதவு, கூரை அசையாது, விலையும் கொஞ்சம். ஓம், காணும். உங்களுக்குக் காணும். நீங்கள் ஒரே சப்பாத்தைப் பதினொரு வருஷம் போட்ட ஆள். எனக்கு வாழ்க்கை முழுக்க ஆற்றையோ மூட்டையை ஏத்தித்தான் பழக்கம். வெங்காயம், கருவாடு, சீமெந்து, ஒருக்கா ஒரு கலியாணப் பொம்பிளையும் பத்துச் சொந்தக்காரரும். சாமான் ஏத்த ஏலாத ஒரு வண்டியை ஓட்டோணும் எண்டு எனக்கு ஆசை வரக்கூடாதோ? இதைக் கேக்க உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?

சனிக்கிழமை போஸிட்டக் கேட்டு, ஓடிப் பாக்கிறதுக்கெண்டு காரை எடுத்துக்கொண்டு வீட்டை வந்தன். கூரை மடிச்சபடி. லின்ஃபீல்ட் றோட்டில நாய் நடத்திக்கொண்டு போன கிழவன் ஒருத்தன் எனக்குத் தொப்பியைக் கழட்டினான். அஞ்சு வருஷமா அவனுக்கு நான் குட் மோர்னிங் சொல்லுறன், அண்டைக்குத்தான் பதில் வந்தது.

றெஜினா கேற்றில இடுப்பில கை வைச்சபடி நிண்டா. உங்கட முகம், அச்சு அப்பிடியே. கவுண்டரில வரிசை நீண்டா நீங்கள் வைச்சிருப்பீங்களே, அந்த முகம்.

"ஏறு பிள்ளை" எண்டன்.

"எங்க?"

"உன்ர அப்பாவிட்டை."

அவ திரும்பி உள்ள போனா. போயிட்டா எண்டு நினைச்சன். வீட்டுச் செருப்பை மாத்தி, முற்றத்தில நிண்ட ரோசாவில நாலு வெட்டிக்கொண்டு வந்து ஏறினா.

சம்பந்தியார், அவ எட்டு மாதமா உங்களிட்டை வரேல்லை எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. அன்ரன்ர வான் ஏழு நாளும் எயார்போர்ட்டில காகோச் சாமான் ஏத்துது. அவவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிழமை நாளில கிழவர் இல்லத்தில வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து போகலாம், கிளென் ஈடனுக்கு நடக்க ஏலுமே? பஸ்ஸும் இல்லை. ஆரிட்டையும் கேக்க மாட்டா. அதிலயும் உங்கட மகள்தான்.

பாதி வழியில மழை. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும், வெயிலுக்குள்ளால வந்து நனைச்சிட்டுத் திரும்ப வெயிலாப் போயிடும். கூரையைத் திருப்பிப் போடோணும். அறுபது அடி ஓட்டினவனுக்குக் கூரை போடத் தெரியேல்லை. றோட்டோரமா நிப்பாட்டி இழுக்கிறன், தள்ளுறன், ஒரு கொளுக்கி வருது, மற்றது வருகுதில்லை. றெஜினா ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கிறா. தலை, சீலை, ரோசா எல்லாம் நனைஞ்சு தண்ணி. பாத்தன், அவ சிரிக்கிறா. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறா. நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேக்கேல்லை. நனைஞ்சால் நனையட்டும் எண்டு கூரையை விட்டிட்டு அப்பிடியே ஓட்டினன்.

உங்கட குழியடியில அவ ஈரப் புல்லில குந்தினா. கதைக்கத் தொடங்கினா. கிழவர் இல்லத்தில ஆரோ செத்தது, பேத்திக்கு ஸ்கூலில வந்த மார்க், மீன் விலை, நான் செய்யிற அட்டகாசம். நான் நிண்டா கதை தடைப்படும் எண்டு, பக்கத்து இடத்தைப் பற்றி விசாரிக்கச் சேமக்காலைக் கந்தோருக்கு நடந்தன். வாக்குக் குடுத்தவன் விலையாவது கேக்கோணும்தானே.

கந்தோரில இருந்த மனுசி பெரிய கொப்பியைத் திறந்து, உங்கட பேரைக் கஷ்டப்பட்டு வாசிச்சு, என்னை நிமிந்து பாத்தா. "பக்கத்து இடம் ஏன்? இந்தக் குழி ரெண்டு பேருக்கு ஆழமா வெட்டினது. உங்கட ஆள் அடியில இருக்கிறார். மேல இடம் கிடக்கு. உங்கட குடும்பம் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கு" எண்டா. நான் திருப்பித் திருப்பிக் கேட்டன். அவ ஒரு கையை மேசையில வைச்சு, மற்றக் கையை அதுக்கு மேல வைச்சுக் காட்டினா. அண்டைக்குச் செத்தவீட்டு அந்தரத்தில அன்ரன் வாசிக்காமல் கையெழுத்து வைச்சிருக்கிறான். நீங்கள் ஒரு வருஷமா ரயிலில கீழ் பேர்த்தில படுத்திருக்கிறியள், மேல் பேர்த் சும்மா போகுது.

வந்து றெஜினாவுக்குச் சொன்னன். அவ என்னை வடிவாப் பாத்தா.

"அப்பாவுக்கு மேல நீங்களோ மாமா?"

"வேற ஆர்?"

"சம்பந்திக்கு மேல சம்பந்தி படுக்கலாமோ? அப்பா இருக்கேக்க நீங்கள் அவருக்கு முன்னால கால் மேல கால் போட்டதில்லை."

அது உண்மை. உங்களை எவ்வளவு நக்கல் அடிச்சாலும், பெண் தந்த ஆளுக்கு முன்னால நான் காலை நீட்டினதில்லை. இப்ப முழு உடம்போட உங்களுக்கு மேல நீட்டி நிமிர்ந்து படுக்கச் சொல்லுது இந்த ஊர்ச் சட்டம். என்ன செய்யிறது? என்ர தலையை உங்கட கால் பக்கம் வைச்சாச் சரிவருமோ? அப்ப என்ர கால் உங்கட தலைக்கு மேல வரும், அது இன்னும் பிழை.

"நீங்களே கேளுங்கோ அவரிட்டை" எண்டா றெஜினா. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

திரும்பி வரேக்க றெஜினா றோட்டைப் பாத்தபடி, "நீங்கள் அப்பாக்குப் பக்கத்தில கிடந்தா அவர் தனிய இருக்க மாட்டார் எண்டுதான் மாமா அவ்வளவு கத்தினனான்" எண்டா.

"நான் சாகும் வரைக்கும் அவர் தனியத்தானே இருக்கோணும்?"

"அதுதான் இண்டைக்கு யோசிச்சனான்" எண்டா. பிறகு, "இந்தக் கார் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமோ?" எண்டு கேட்டா.

"ஏழு நாளும் ஓடும் பிள்ளை" எண்டன்.

இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குப் போய்க் கையெழுத்து வைக்கப் போறன். நான் வாசிச்சிட்டுத்தான் வைப்பன், வாசிக்கத் தெரியாத இடத்தைப் போஸிட்டக் கேட்டு வைப்பன். காசு முடிஞ்சா முடியட்டும். சாப்பாட்டுக்கு வாற சனம் ஒரு நாளைக்கு வீட்டில சாப்பிட்டிட்டு வரட்டும். மேல் பேர்த்துக்கு நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் றெஜினாவின்ர கனவில வந்து சொல்லுங்கோ. என்ர கனவில வராதேங்கோ, எனக்கு உங்கட குறட்டை இல்லாமல் இப்பதான் நித்திரை வரப் பழகியிருக்கு. அதுவும் முழுப் பொய். உங்கட கட்டிலை இன்னும் எடுக்க விடேல்லை.

ஒரு வாக்கு மட்டும் தாறன், இந்தத் தரம் பகிடி இல்லை. கை நடுங்காமல் ஸ்ரியரிங் பிடிக்கிற காலம் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய உங்கட பிள்ளையைக் கொண்டந்து உங்களிட்டை விடுவன். நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாக் கதையுங்கோ. நான் கிட்ட வரமாட்டன். கேற்றடியில நிண்டு காரைத் துடைச்சுக்கொண்டு இருப்பன்.

உங்கட மகளுக்கு மாமனும் இனிமேல் றைவருமான,
சம்பந்தி சவிரிமுத்து