தீவுக்குப் போகவேண்டிய மகளுக்கு

சேவூர், ஆரணி
24.11.2025

அன்பு மகள் உதயாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் இங்கே நலம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளை மணவாளனும் நலமாக இருக்கவேண்டும் என்று படவேட்டு அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒரு வாரமாக இங்கே மழை விடவில்லை. தறிக்கு நூல் பாவு விரிக்கத் தெரு காயவில்லை. நான்கு தறிகளில் இரண்டுதான் ஓடுகின்றன. அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. உன் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். வேலை அதிகம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

போனில் பேசாமல் இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். என்னை எப்படி அழைப்பது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சார் என்று ஆரம்பித்தார், நடுவில் ஐயா என்றார், முடிக்கும்போது அப்பா என்றார். விடுமுறையில் உன்னை அந்தமானுக்குக் கூட்டிப்போக நினைத்ததாகவும், ஹேவ்லாக் தீவில் கடலோரமாக மூன்று ரிசார்ட்டுகளைப் பார்த்துவைத்து, பிடித்த ஒன்றை நீயே எடுத்துக்கொள் என்று உன்னிடம் விட்டதாகவும் சொன்னார். மூன்று வாரமாகியும் நீ அந்தப் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். வேறு ஊருக்குப் போகலாமா என்று கேட்டதற்கும் பதில் இல்லையாம். அவர் கூப்பிட்டதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாயாம்: “அன்னிக்கு நான் ஜல்தியா ஒண்ண முடிவு பண்ணியிருந்தா அவர் உயிரோட இருந்திருப்பாரு. இதுவா அதுவான்னு ரெண்டு வாரம் இழுத்துட்டேன். அதுக்குள்ள ரூம் போயிடுச்சு.”

இதைச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை, “நான் இன்னா சொன்னாலும் அது அவ மனச விட்டுப் போவல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாப்பா” என்றார். சரி என்று போனை வைத்தேன்.

உதயா, நீ இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருப்பது நடந்ததே இல்லை. நடந்தது எனக்கும் என் பிள்ளை பாலுவுக்கும் மட்டும் தெரியும். அவன் போய்விட்டான். நான் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

உனக்கும் அவனுக்குமான முதல் கல்யாண நாளுக்காக இதே அந்தமானில் அவன் ரிசார்ட் தேடிக்கொண்டிருந்த அந்த மாசி மாதம் உனக்கு நினைவிருக்கும். என் தறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “படுத்தா கடல் தெரியணும்ங்கறா. ஆனா அலைச் சத்தம் கேட்டா தூக்கம் வராதாம். இன்னாப்பா பண்றது” என்று சிரிப்பான். நீ முடிவு சொன்ன அன்று சாயங்காலமே அவன் ரூம் போட்டுவிட்டான். உறுதி செய்து வந்த செய்தியை எனக்குக் காட்டினான். மார்ச் பதினான்கு முதல் பத்தொன்பது வரை. நீ கேட்ட அதே ரூம். அது வேறு யாருக்கும் போகவில்லை அம்மா.

அடுத்த நாள் காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து பெரிய முகூர்த்த ஆர்டர் வந்தது. பங்குனி பாதிக்குள் புடவைகள் போய்ச் சேரவேண்டும். நான் பாலுவைக் கூப்பிட்டேன். “இந்த ஆர்டர அனுப்பி முடிச்சிட்டுப் போயேன்டா. கடல் எங்க ஓடிப்போவப் போவுது” என்றேன். “அவ ரொம்ப ஆசையா கீறாப்பா” என்றான். “ஒரு மாசந்தானே” என்றேன். அவன் போய் அந்த ரூமை ரத்து செய்துவிட்டான். பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்துப் பேசாத பிள்ளை. அன்றைக்கு ஒரு நாளாவது பேசியிருக்கலாம்.

உன்னிடம் ரூம் போய்விட்டது என்று சொன்னது அவனே. நான் சொல்லச் சொல்லவில்லை. “நீங்க நிறுத்துனீங்கன்னு தெரிஞ்சா உங்க மேல அவளுக்கு வருத்தம் வரும்ப்பா. நான் பாத்துக்கறேன்” என்றான். எனக்கு அப்போது என் பிள்ளையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

பதினேழாம் தேதி நீங்கள் இருவரும் தீவில் இருந்திருக்கவேண்டிய நாள். அன்று காலை அவன் புடவைக் கட்டை வண்டியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினான். செய்யாறு தாண்டி அந்த லாரி. அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் எழுதவேண்டியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் நீ சுவரோரமாக உட்கார்ந்து, நான்தான் தாமதம் செய்தேன், நான்தான் தாமதம் செய்தேன் என்று முனகிக்கொண்டிருந்தாய். துக்கத்தில் ஏதோ பேசுகிறாய், எனக்கு விளங்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அன்றே விளங்கியது. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் அத்தை அங்கே இருந்தாள். உன் அப்பா இருந்தார். ஊரே இருந்தது. என்னால்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாததால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்படியே மூன்று வருடம் எட்டு மாதம் போய்விட்டது.

உனக்கு மறுபடி ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நான் உன் அப்பாவோடு நின்றபோது, வீரபாகுவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கடைத்தெருவில் பேசினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். என்னை விட்டு நீ தூரமாகப் போய்விட்டால் உன் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டியிராது என்ற எண்ணமும் அதில் இருந்தது. உன் நன்மையும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இவ்வளவையும் உன் அத்தையிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு ஒரு பேச்சில்லை. சோறு வடிப்பாள், தட்டில் போடுவாள், போய்விடுவாள். வியாழக்கிழமை காலையில் என் எதிரே வந்து நின்று, “அவகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

“எழுதுங்க. போன்ல சொன்னா பாதியில அழுதுடுவீங்க. அவளும் அழுவா. விஷயம் அங்கயே நின்னுடும். எழுதுனா நாலு வாட்டி படிச்சிப் பாப்பா.”

அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அதோடு அவள் விடவில்லை. மாப்பிள்ளை அந்த ரிசார்ட் படங்களை எனக்கும் அனுப்பியிருந்தார். அதைக் காட்டச் சொன்னாள். உன் கல்யாணத்துக்குக்கூட வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அது நடந்து மூன்று மாதமாகியும் உன் பெயரை ஒரு தடவை சொன்னதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்யாணப் புடவையில் இழை பார்ப்பதுபோல ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

முதலாவதில் அறைகள் கடலுக்கு மேலேயே மரக்கால் நட்டுக் கட்டியிருக்கின்றன. “தண்ணி மேல எவன்னா படுப்பானா” என்று தள்ளிவிட்டாள். இரண்டாவது மேட்டின் மேல் இருக்கிறது. நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர் என்று பெரிய ஆடம்பரம். கடலுக்கு இறங்க நூறு படி இருக்கும். “அந்தப் படிக்குக் கைப்பிடி இல்ல பாருங்க. மழை பேஞ்சா வழுக்கும்” என்றாள். மூன்றாவது தென்னைமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மரக் குடில்கள். வாசலில் கயிற்றூஞ்சல், அதற்கு எதிரே கடல். அதைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “இவங்க நம்பர் கீதுங்களா? போடுங்க” என்றாள்.

போட்டேன். எடுத்தவர் இந்தியில் பேசினார். இவள் தமிழிலேயே ஆரம்பித்ததும் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து அங்கே போன குடும்பமாம். அவரை அவள் ஒரு வழி பண்ணிவிட்டாள். கடல் எவ்வளவு ஆழம், மரக் குடிலுக்குள் பூச்சி பொட்டு வருமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், படகில் போகும்போது எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுப்பார்களா, ரசம் சோறு கிடைக்குமா. அவரும் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பக்கம் கரை ஆழமில்லையாம். தண்ணீர் வடியும் நேரத்தில் வெகுதூரம் முழங்கால் அளவில் நடந்து போகலாமாம். ஆனால் பவளப்பாறை காலைக் கிழிக்கும், செருப்போடுதான் இறங்கவேண்டும் என்றார். கடைசியில், “நீங்களும் வர்றீங்களாம்மா?” என்று கேட்டார்.

“நான் வரல தம்பி. எம் பொண்ணு வர்றா. பத்திரமா பாத்துக்கோங்க” என்றாள்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

அதனால் உதயா, நீ தேர்வு செய்ய முடியாமல் தவித்ததை உனக்காக அவள் செய்து முடித்துவிட்டாள். மூன்றாவது. மாப்பிள்ளையிடமும் நேற்று சொல்லிவிட்டேன். நீ ஒரு வார்த்தை சரி என்றால் அவர் போட்டுவிடுவார். பிடிக்கவில்லையென்றால் வேறொன்றைப் பார். ஆறு மாதம் யோசித்துக்கூடப் பார். நீ யோசிப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது. அன்றைக்கும் ஆகவில்லை. இதை மட்டும் நீ நம்பினால் போதும்.

மணவாளன் நல்ல பிள்ளை. தன் மனைவி மனதில் இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்தும், அவனைப் பெற்றவனுக்கே போன் செய்து உதவி கேட்கிறவன் சாதாரண மனிதன் இல்லை. அவரோடு போய்க் கடலைப் பார். பாலுவை நினைத்து அழுகை வந்தால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழு. அவர் தாங்குவார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கோபம் வந்தால் எழுது. திட்டவேண்டும் என்றால் போனில் கூப்பிட்டுத் திட்டு. எத்தனை நாள் ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அம்மா.

இருவரும் நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
வீரபாகு

உதயாவுக்கு அத்தை எழுதறது.

மாமா எழுதினத முழுசா படிச்சேன். எதையும் மறைக்கல. அவர் மேல எனக்குக் கோபம் இன்னும் தீரல, அது எங்களுக்குள்ள. உம்மேல நான் எதுக்குக் கோச்சிக்கினு இருந்தேன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எம்புள்ள இல்லாத வீட்ட விட்டு நீ போயிட்ட, அதான். அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல.

நீ கூப்பிட்டப்ப எல்லாம் நான் போன எடுக்காம இருந்தேன். இனிமே எடுப்பேன். தீவுல போய் இறங்கினதும் கூப்பிடு. அங்க டவர் சரியா கிடைக்காதுன்னு அந்தத் தம்பி சொன்னாரு. கிடைக்கிற எடத்துக்கு நடந்து போயாவது ஒரு வாட்டி கூப்பிடு கண்ணு.

கற்பகம்