நாற்பது புதிய இடங்கள்

வில்லோ ஃபோர்க்
நவம்பர் 17

அன்புள்ள லாரிஸா அக்காவுக்கு,

நீயும் ஐவியும் இந்தக் குளிரைச் சளி இருமல் இல்லாமல் தாண்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். 'ராஜினாமாவைக் கொடுக்காதே, கடிதம் வருகிறது' என்று நேற்று குறுஞ்செய்தி அனுப்பியதும் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். நானும் அதை வாங்கிக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். இதை விழுங்கக் கூடாது.

முதலில் முக்கியமானது: ஐவிக்கு இங்கே குழந்தைகள் காப்பகத்தில் இடம் இல்லை. வசந்தத்துக்குள் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

பத்திரிகையில் வந்த படத்தை நீ பார்த்தாய் என்று தெரியும். புதுக் காப்பகத்தின் கைக்குழந்தைகள் அறை, சுவரில் எட்டுக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். ஆறாவது 'ஐவி', பக்கத்தில் ஒரு வாத்து. அது என் கையெழுத்து என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இங்குள்ள மருத்துவமனையின் நர்ஸ் வேலைக்கு 'வருகிறேன்' என்று சொன்னாய், வீட்டைக் காலி செய்யப் பேசினாய். உன் மேல் தப்பில்லை. இந்த ஊரில் கொக்கியில் பெயர் ஏறிவிட்டால் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதற்குமேல் யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. நீ ஐவியை உண்டாகியிருந்தது அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே நம் காப்பகத்தின் காத்திருப்புப் பட்டியலுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊர் இது.

அந்தப் பெயர்களை எழுதச் சொன்னவர் ரோலண்ட் ஹோபர். டிராக்டர் விற்கிறாரே, அவர்தான் இப்போது காப்பகக் குழுவின் தலைவர். "பட்டியல்ல மேல இருக்கிற எட்டுப் பேரை எழுதும்மா, அழகா எழுது" என்றார். அழகாகத்தான் எழுதினேன். உன் மகளின் பெயருக்கு மட்டும் இரண்டு அட்டைகள் வீணாக்கினேன், வாத்து சரியாக வரவில்லை என்று.

கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஐஸ் ஹாக்கி அரங்கத்தை ஒட்டி, தெற்குப் பார்த்த ஜன்னல்கள். குழந்தைகளின் முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டிகள். கதவிடுக்கில் விரல் நசுங்காதபடி ரப்பர் பட்டைகள். தேவாலயத்து நிலவறையில் நாங்கள் இருந்த காலத்தில் மழை பெய்தால் சுவர் வியர்க்கும், ஞாயிற்றுக்கிழமை பெரோகிக் கொழுக்கட்டை விருந்தின் வெங்காய வாசனை புதன்கிழமை வரை போகாது. அங்கே முப்பத்திரண்டு குழந்தைகள் இருந்தார்கள். செப்டம்பரில் அந்த உரிமத்தை ஒப்படைத்து இடத்தை மூடினோம். அக்டோபரில் அதே முப்பத்திரண்டு பேரும் அதே காலுறைகளோடு புதுக் கட்டடத்துக்கு நடந்து வந்தார்கள். கைக்குழந்தைகள் அறையின் எட்டையும் சேர்த்து, அரசு மானியத்தில் உருவான நாற்பது புதிய இடங்கள் என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

என்னோடு வேலை செய்யும் மாரிசெல் (பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், போன கிறிஸ்துமஸுக்கு உனக்கு அரிசி கேக் கொடுத்தனுப்பியவள்) அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "பழைய சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு புதுச்சட்டைங்கிறாங்க. பரவால்ல, தொவைக்கவாவது செஞ்சாங்களே" என்றாள். நான் அன்று சிரித்தேன். எட்டு இடமாவது நிஜம்தானே என்று நினைத்தேன்.

அந்த எட்டைப் பற்றி உனக்குப் புரியவேண்டும். நாலு கைக்குழந்தைகளுக்கு ஒரு ஆள், அதுவும் சான்று பெற்ற ஆள் இருக்கவேண்டும் என்பது சட்டம். இந்த ஊரில் கைக்குழந்தைகளுக்கான அந்தச் சான்று இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மாரிசெல் தன் ஊரில் படித்தது இங்கே செல்லாது. நான் கைக்குழந்தைகள் அறைக்குப் போனால் பெரிய குழந்தைகளில் என் பொறுப்பிலுள்ள எட்டுப் பேர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆளே இல்லை, அக்கா. விளம்பரம் கொடுத்தார்கள், ஒருத்தரும் வரவில்லை. மானியம் சுவருக்கு, தொட்டிக்கு, ரப்பர் பட்டைக்கு. ஆளுக்கு இல்லை. அவர்கள் கணக்கில் இடம் என்பது தரை. உரிமத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் அந்தத் தரை எண்ணப்பட்டுவிடும். அதன்மேல் ஒரு குழந்தை தவழ்கிறதா என்று எண்ண அவர்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

இது ரோலண்டுக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்குள் யாரோ கிடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

விழாவுக்கு அமைச்சர் வந்தார். வாசலில் கொடி, ரிப்பன், பெரிய கத்தரிக்கோல். கைக்குழந்தைகள் அறை காலியாக இருந்தால் படம் எடுபடாது என்று பட்டியலில் இருந்த தாய்மார்களைக் குழந்தையோடு காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். நாலு பேர் வந்தார்கள். அதில் தெரீஸ் என்று ஒருத்தி, தானியக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் மகன் ஜூடின் பெயர் நாலாவது கொக்கியில் இருந்தது. அவள் அவனுடைய எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தாள். பால் புட்டிகள், மாற்று உடைகள், அது இல்லாமல் அவன் தூங்காத நீலப் போர்வை, ஒவ்வொன்றிலும் பெயர் தைத்து. பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "திங்கள்லேர்ந்து வேலைக்கு வர்றேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாழ்த்து சொன்னேன். சொன்னேன், அக்கா.

அமைச்சர் ஜூடைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார். பிள்ளை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே ஒருத்தர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை.

அவருடைய கார் போனதும் ரோலண்ட் என்னிடம் வந்து, "அம்மாக்கள்கிட்ட பையெல்லாம் குடுத்தனுப்பிடு டாரியா. ஆள் கெடைச்சதும் கூப்பிடறோம்னு சொல்லு. பக்குவமா சொல்லு" என்றார். சொல்லிவிட்டுக் கேக் வெட்டப் போய்விட்டார்.

எப்படிப் பக்குவமாகச் சொன்னேன் என்று நினைவில்லை. தெரீஸ் கொக்கியிலிருந்து பையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்போ இன்னிக்கு எதுக்கு வரச் சொன்னீங்க? போட்டோவுக்கா?"

பையை நானே கொக்கியிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"பேர் எழுதி மாட்டியிருக்கீங்களேடி! நீதானே எழுதின?"

"ஆமா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ கேட்காமல் இருந்ததே நல்லது. "எம்புள்ளைக்கு நடிச்ச சம்பளமாச்சும் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிரில் அவனுக்குக் குல்லா போடக்கூட மறந்து வெளியே போனாள். மாரிசெல்தான் பின்னாலேயே ஓடிப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம், "கேக் நல்லாருக்காம், போய்ச் சாப்பிடு" என்றாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இரண்டு வரியில் எழுதியிருப்பேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை ரோலண்ட் காப்பகத்துக்கு வந்தார். குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு பேசினார். வருட முடிவுக்குள் கைக்குழந்தைகள் அறை இயங்கவில்லை என்றால் அரசு மானியத்தைத் திருப்பிக் கேட்குமாம். அதற்காக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"ரெண்டு ரூமுக்கும் நடுவுல பெரிய கண்ணாடி இருக்குல்ல? நீ இந்தப் பக்கம் பெரிய புள்ளைங்களப் பாத்துட்டே அந்தப் பக்கமும் பாக்கலாம். உன் பேரை ரெண்டு ரூம்லயும் காட்டிடுவோம். மாரிசெல் உள்ள இருக்கட்டும். நாலு குழந்தையோட ஆரம்பிச்சிடலாம்."

"அது சட்டப்படி தப்பு, ரோலண்ட்."

"எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா நடக்குது. ஒரு ஆறு மாசம். அதுக்குள்ள ஆள் வந்துடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அக்கா பொண்ணு ஆறாவதா இருக்கா. முதல் நாலுல நான் போட்டுடறேன். லாரிஸா வந்தா ஆஸ்பத்திரிக்கும் ஒரு நர்ஸ் கெடைக்கும். சனி ஞாயிறுல அவசரப் பிரிவை மூடி வைக்கிறாங்களே, அது உனக்குச் சரின்னு தோணுதா?" என்றார்.

தோன்றவில்லை. அவர் சொன்னதில் அந்தப் பகுதி முழு உண்மை. போன மாதம் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, இங்கே பூட்டியிருந்ததால் ஒரு மணி நேரம் காரில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். நீ இங்கே இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். எனக்கும் நீ வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐவி மேலே போனால் யார் கீழே போவது என்று கேட்டேன். நாலாவது பெயரை ஐந்தாவதாக்கினால் போதும் என்றார். ஜூடை. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் 'நாலாவது' என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே மறுத்தேன் என்று உன்னிடம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். சனிக்கிழமை முழுவதும் நீ வருவதாகவே வைத்துக்கொண்டு நடமாடினேன். உனக்கு எந்தக் காபிக் கோப்பை என்று அலமாரியில் எடுத்து வைத்தேன். நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் நகரவில்லை. என்னை விலைக்கு வாங்க எவ்வளவு சுலபமான பொருளைத் தேடிப்பிடித்திருக்கிறார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மதியம் பெரிய குழந்தைகள் தூங்கும் நேரத்தில், அந்தக் கண்ணாடி அருகே நின்று பார்த்தேன். அந்தப் பக்கத் தொட்டிலில் மாரிசெல் ஒரு பொம்மையைக் குப்புறப் போட்டுப் போர்த்தியிருந்தாள், நான் கேட்டுக்கொண்டபடி. போர்வை தெரிந்தது. தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் எழுந்து சண்டை போட ஆரம்பித்தார்கள், நான் திரும்பினேன். திரும்பிவந்து பார்க்க எவ்வளவு நேரமானது என்று எண்ணக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அது ஐவியாக இருந்தால் என்று நினைத்தேன். அப்புறம், ஐவியாக இல்லாவிட்டால் மட்டும் பரவாயில்லையா என்று என்மேலேயே அருவருப்பு வந்தது.

ரோலண்டைப் பார்த்து, "கண்ணாடி வழியா மூச்சு விடறதப் பாக்க முடியாது. என் பேரை ஒரு ரூம்ல மட்டும் போடுங்க" என்றேன். அவர் கத்தவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "சரி. உங்கக்காகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றார்.

சொல்லிவிட்டேன். இடம் கிடைக்கவில்லை என்பது இல்லை, அக்கா. கிடைத்தது. வேண்டாம் என்று சொன்னது நான்.

எட்டுப் பெயர்களையும் அன்றே கழற்றிவிட்டேன். மாரிசெல்லின் சான்றை ஏற்கக் கேட்டு நானும் அவளும் எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி நீ ஒன்றும் செய்யாதே. ராஜினாமாவைக் கொடுத்திருந்தால் நாளைக்கே திரும்ப வாங்கு. வெட்கப்படாதே, அங்கே உன்னைப் போக விடமாட்டார்கள். என்மேல் கோபம் வந்தால் போன் செய்து திட்டு. இந்த முறை எடுப்பேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்கும் ஐவிக்கும் என்று பின்னறைக்கு அவர் மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பிரஷ் போய்வரும் சத்தம் கேட்கிறது. இப்போதுதான் தலையை நீட்டி, "இன்னொரு கோட் வேணுமா, போதுமா?" என்று கேட்டார். வேணும்பா என்றேன்.

ஐவியின் இரண்டு பாதத்திலும் என் முத்தத்தை வை. இங்கே வரும்வரை வளராமல் இருக்கச் சொல் என்று எழுத வந்தேன். வேண்டாம். அவள் பாட்டுக்கு வளரட்டும், எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஒருத்தர் கண் அவள்மேல் இருக்கட்டும்.

உன் தங்கை,
டாரியா