கபடிக் கால்

மஸ்கட்டில் இருக்கும் என் கபடிக்காரருக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், நல்ல செய்திதான்.

நம் இலக்கியாவின் கால்கள் வில்லாக வளைந்திருப்பதைப் பார்த்து, "கபடிக்காரன் பொண்ணாச்சே, அதே காலு!" என்று உங்கள் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாரே? நாமும்தான் வீடியோவில் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். சந்தேகம் வந்து டாக்டரிடம் காட்டினேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புள்ளைய வெயில்லயே வுடறதில்லயா?" என்றார். வைட்டமின் டி குறைவாம். எலும்பு வலுவில்லாமல் வளைந்துவிட்டதாம். இரண்டு வயதுதானே, மருந்தும் வெயிலும் கிடைத்தால் மெல்ல நிமிர்ந்துவிடும் என்றார்.

நீங்கள் ஆசையாக வாடகைக்குப் பிடித்த, சுற்றிலும் மாடிகள் மறைக்கும் மூலக்குளத்து வீட்டில் வெயிலுக்கு எங்கே போவது? காலி செய்துவிட்டேன்.

இப்போது நம் ஊர் பாகூரில், உங்கள் அப்பாவோடு கரும்புக் கொல்லையில் ஓடுகிறாள். அவருக்குத்தான் ஒரே கவலை: "காலு நிமுந்துட்டா எம் புள்ள ஜாடையே போயிடுமே!"

நேற்று மருந்து கொடுத்தார். அதை அவர் முகத்திலேயே துப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

துண்டால் துடைத்துக்கொண்டே சிரித்தார்: "போவல, போவல. அப்படியே அவன்தான்!"

வெயிலில் கறுத்துக்கொண்டிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி