அம்மாவின் படத்துக்கு மாலை

அன்புள்ள தம்பி,

நீ கேட்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. பாடாங் செராயில் உன் குழு நடத்திய விழா.
2. கோலாலம்பூர் விழாவுக்கு அம்மா ஏன் வரமாட்டார்.
3. ஒரே ஆறுதல்: நடந்தது அம்மாவுக்குப் புரியவில்லை.

போர்க்காலத்தில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் ரப்பர் தோட்டத்துப் பெண்களின் படங்களை மண்டப வாசலில் வைத்து, மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். எல்லோரும் இறந்தவர்கள். கடைசிப் படம் மட்டும் அம்மாவுடையது. அதற்கும் மாலை. அம்மா என் கையைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றார்.

உன் ஆள் ஒருவர் ஓடி வந்தார். "சாரி லா அண்ணே, மாலை எல்லாம் ஒண்ணா வாங்கிப் போட்டுட்டாங்க. சிறப்பு விருந்தினர் டத்தோ வந்துட்டாரு, இப்ப எடுத்தா நல்லா இருக்காது."

நான் தலையாட்டினேன். டத்தோ அந்தப் படத்துக்கும் பூத் தூவி வணங்கினார். பக்கத்தில் நின்ற அம்மாவை அவர் கவனிக்கவில்லை.

இன்னொரு மேடைக்கு அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. தவறாக நினைக்காதே.

வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. தொண்ணூற்றேழு வயதில் எதுவும் மனதில் பதியாது என்று நினைத்துக்கொண்டேன். விழாக்குழு அந்தப் படத்தையும் காரில் ஏற்றி அனுப்பியிருந்தது.

இதுவரை எழுதி முடித்தபோது அம்மா அந்தப் படத்தோடு வந்து நின்றார். மாலையைக் கழற்றியிருந்தார்.

"சின்னவனுக்கா எழுதுற? பர்மாவுல குண்டு விழுந்தப்பகூட எனக்கு யாரும் மாலை போடல. இவனுக்கு என்னடா அவசரம்னு கேளு."

கேட்டுவிட்டேன். மூன்றாவதாக எழுதியது தவறு, தம்பி.

உன் அண்ணன்